அடுத்த வீட்டு நாய்

உறவினர் பிறப்பால் வாய்க்கின்றனர். நண்பர்களை நாமே தேடிக்கொள்கிறோம். அண்டை வீட்டார் இவ்விரு வகையிலும் சேராதவர். வீட்டின் விலையும் வங்கிக் கடனும் நமக்கு எங்கே இடம் தருகின்றனவோ, அங்கே நமக்கு முன்னரே ஒருவர் குடியிருக்கிறார். அவர் நல்லவராயின் அது நம் பேறு. முரண்படுபவராயின், இடையில் நிற்கும் ஒற்றைச் சுவரை நம்பியே நாம் நாள்களைக் கடத்த வேண்டும். அத்தகைய ஒருவருடைய நாய் தெருவுக்கு வந்துவிட, தெருவார் நம்மைப் பார்த்து, "நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்டால், கற்றவன் என்று பெயர் பெற்றவன் என்ன விடை கூறுவது? நாய் சிறிய பொருள்தான். ஆயினும் அதன் பின்னே சட்டமும், அச்சமும், சமயமும், ஒரு முதியவரின் தனிமையும் வரிசையாக வந்து நிற்கும்போது, அது சிறிய வினாவாக இருப்பதில்லை.

நான் வாழும் ஸ்ரீ கெம்பாங்கான், அண்டை அயல் என்பதைத் தானே விரும்பித் தேர்ந்துகொண்ட ஊர் அன்று. 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1950இல் பிரிக்ஸ் திட்டம் வந்தது. அதன்படி, காட்டோரங்களில் சிதறிக் கிடந்த சீனக் குடும்பங்கள் கம்பி வேலிக்குள் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டன. அவ்வாறு எழுந்த புதுக்கிராமங்களுள் ஒன்றே செர்டாங் பாரு. பின்னாளில் அது ஸ்ரீ கெம்பாங்கான் என்று பெயர் பெற்றது. சுற்றிலும் ஈயச் சுரங்கங்கள். அவற்றை அடுத்து ரப்பர்த் தோட்டங்கள். இன்று சுரங்கத்தின் பள்ளம் ஏரியாகிவிட்டது, தோட்டங்கள் தாமான்களாகிவிட்டன. தோட்டத்து லயங்களிலிருந்து வந்த நம்மவரும், புதுக்கிராமத்திலிருந்து வெளிவந்த சீனரும், பணி நிமித்தம் வந்த மலாய்க்காரரும் இருபதடி அகல வீடுகளில் ஒட்டியொட்டி வாழ்கிறோம்.

லயத்தில் பிறந்தவர்களுக்கு நாய் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. அங்கு நாய்க்குச் சங்கிலி கிடையாது. உரிமையாளர் என்று ஒருவர்கூடப் பல வேளைகளில் கிடையாது. இந்த வீட்டில் கஞ்சி, அந்த வீட்டில் கருவாட்டுத் தலை என்று அது லயம் முழுவதற்கும் பிள்ளையாக வளர்ந்தது. விடியுமுன் பால்மரம் வெட்டப் போகிறவர்களுக்கு முன்னே ஓடியது. பாம்பு கிடந்தால் குரைத்தது. அந்த வாழ்வில், நாயைக் கட்டிப் போடுகிறவனே கல்நெஞ்சன். அதே மனிதர் தாமானுக்கு வந்து அதே வழக்கத்தைத் தொடரும்போது நிலைமை தலைகீழாகிறது. இங்கு நாயைக் கட்டாமல் விடுகிறவனே பொறுப்பற்றவன். மனிதர் மாறவில்லை, நாயும் மாறவில்லை, இடம் மாறிவிட்டது. நாய்களைப் பற்றி நம்மிடையே எழும் பூசல்களில் பாதி, இந்த இடமாற்றத்தை எண்ணிப் பாராமையால் எழுபவையே.

என் அடுத்த வீட்டுக்காரரும் தோட்டத்தில் பிறந்தவர். பின்னர் நீண்ட காலம் லோரி ஓட்டியவர். மனைவியை இழந்தார், பிள்ளைகள் வெளியூர்களில் இருக்கின்றனர். அவரோடு பழகுவது எளிதன்று. பேச்சுப் போட்டிக்காக மாணவர்கள் என் வீட்டு முன்றிலில் பயிற்சி செய்தால், வானொலியின் ஒலியைக் கூட்டி வைப்பார். தம் வாசலில் கூட்டிய சருகை என் வாசற் சாக்கடைக்குத் தள்ளிவிடுவார். தலைமையாசிரியர் என்பதால் எனக்குத் தலை கனத்துவிட்டதென்று கடைத்தெருவில் சொல்லி வந்தார் என்பதும் என் செவிக்கு எட்டியது. அவர் வளர்க்கும் பழுப்பு நிற நாயின் பெயர் மணி. மணியோடு மட்டும் அவர் மென்மையாகப் பேசுவார். அந்தக் குரலைச் சுவருக்கு இப்பால் இருந்து கேட்கிறபோது, வேறு யாரோ பேசுவதாகவே தோன்றும்.

அவருக்குச் சிறுநீரகம் பழுதுற்றது. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், இரத்தச் சுத்திகரிப்பு. வைகறையில் வேன் வந்து அவரை ஏற்றிச் செல்லும்; நண்பகலில் திருப்பிக் கொண்டுவந்து விடும். அவர் வீட்டு இரும்புக் கதவின் தாழ்ப்பாள் தேய்ந்திருந்தது. அவர் போன சிறிது நேரத்தில் மணி மூக்கால் முட்டிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிடும். கடிக்கிற நாய் அன்று அது. ஆயினும் தலைவன் போன வழியைப் பார்த்துத் தெருநடுவே நிற்கும். மோட்டார் சைக்கிள்களைத் துரத்தும். பள்ளி வேனுக்காக நிற்கும் குழந்தைகளை நோக்கி ஓடிவரும். விளையாட்டாகத்தான் ஓடிவருகிறது என்பது நமக்குத் தெரியும். ஆறு வயதுக் குழந்தைக்குத் தெரியுமா?

எதிர் வீட்டில் ஒரு மலாய் மூதாட்டி, பேரனை வளர்த்து வருகிறார். நாயின் ஈரம் உடலிலோ உடையிலோ பட்டால், இஸ்லாமிய முறைப்படி ஏழு முறை கழுவித் தூய்மை செய்ய வேண்டும். அவற்றுள் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். இதனை இங்குச் சமாக் என்பர். தொழுகைக்குரிய உடையோடு வாசலுக்கு வருகிற ஒரு மூதாட்டிக்கு, ஓடிவருகிற நாய் எத்தகைய இன்னல் என்பதைப் பிற சமயத்தார் தாமாகவே உணர்ந்துகொள்ள வேண்டும். ஒரு நாள் அவர் என்னிடம் வந்தார். "சிக்கு, நீங்கள் எழுதினால் மாநகர் மன்றத்தார் கேட்பார்கள். நாங்கள் எல்லாரும் கையெழுத்துப் போடுகிறோம்" என்றார். மலாய்க்காரர் ஆசிரியரைச் சிக்கு என்று அழைப்பது வழக்கம். அன்று அச்சொல் என் காதில் தமிழ்ச் சொல்லாகவே ஒலித்தது.

அம்மூதாட்டியின் வேண்டுகோளில் நியாயம் இருந்தது. நாய் வளர்ப்போர் ஊராட்சி மன்றத்தில் உரிமம் பெற வேண்டும். நாயைத் தெருவில் திரியவிடலாகாது. திரிந்தால் மன்றத்தார் பிடித்துச் செல்லலாம். எங்கள் பகுதி சுபாங் ஜெயா நகராண்மைக் கழகத்தின்கீழ் இருந்தது; அக்கழகம் 2020 அக்டோபரில் மாநகர் மன்றமாக உயர்வு பெற்றது. முறையீட்டுக் கடிதம் எழுதுவது எவருக்கும் உள்ள உரிமை. அதனைப் புறங்கூறுதல் என்று இகழ்வது தவறு.

அச்சத்திற்கும் காரணம் இல்லாமல் இல்லை. 1952இல் கோலாலம்பூரில் ரேபிஸ் என்னும் வெறிநாய்க்கடி நோய் பரவியது. தெரு நாய்களை அழித்தும், வளர்ப்பு நாய்களுக்குத் தடுப்பூசி இட்டும் அதனை அடக்கினர். பின்னர் 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு ஆகிய வட மாநிலங்களில் அது மீண்டும் தலைகாட்டியது. 2017இல் சரவாக்கில் புகுந்து பல உயிர்களைக் கொண்டது. குறிகள் வெளிப்பட்ட பின்னர் இந்நோயிலிருந்து பிழைப்பவர் அரியர். ஆனால் கடிபட்ட உடனே புண்ணைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, காலந்தாழ்த்தாமல் மருத்துவமனைக்குச் சென்று ஊசி போட்டுக்கொண்டால் உயிர் காக்கலாம். ஒவ்வோர் ஆசிரியரும் வகுப்பில் ஒருமுறையேனும் சொல்லித் தர வேண்டிய பாடம் இது.

இவை ஒரு தட்டில் நின்றன. மறுதட்டில் நின்றவை எவை? கடிதம் போனால் நாய் போகும். உரிமையாளர் உரிய காலத்தில் சென்று, தண்டம் கட்டி மீட்காவிட்டால், பிடிபட்ட நாய்க்குப் பெரும்பாலும் நல்ல முடிவு இல்லை. வாரத்தில் மூன்று நாள் ஊசி முனையில் படுத்திருக்கும் ஒரு மனிதர், எந்த அலுவலகத்தின் வாசலில் போய் வரிசையில் நிற்பார்? அவர் மென்மையாகப் பேசுவதற்கு இவ்வுலகில் எஞ்சியிருந்த உயிர் அது ஒன்றே. நாட்டில் 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டமும் உண்டு. விலங்குக்குக் கொடுமை செய்தால் 20,000 ரிங்கிட் முதல் 100,000 ரிங்கிட் வரை தண்டம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். சட்டமே விலங்கின் துன்பத்தை இவ்வளவு மதிக்கும்போது, ஒரு தாழ்ப்பாளின் தேய்மானத்துக்காக ஓர் உயிரை விலையாகக் கொடுப்பது எனக்கு உடன்பாடாக இல்லை.

தமிழாசிரியன் இத்தகைய நேரத்தில் நூல்களை நாடுவது இயல்பு. பாரதத்தின் இறுதியில், தன்னைத் தொடர்ந்து வந்த நாயை விட்டுவிட்டு வானுலகம் புக மறுத்தான் தருமன். உயர்ந்த கதைதான். ஆனால் அந்த நாய்க்கு அடுத்த வீட்டுக்காரர் யாரும் இல்லை. தருமன் எவரிடமும் இசைவு கேட்க வேண்டியிருக்கவில்லை! நாலடியார் நட்பைப் பேசுமிடத்தில், யானை போன்றவரை விடுத்து நாய் போன்றவரோடு நட்புக் கொள்ளச் சொல்கிறது. அதுவும் நாய்க்குப் பெருமை. நாயின் தலைவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு ஒளி தந்தது வள்ளுவரின் அதிகார வைப்பு முறையே. ஈகை என்பதற்கு முன்னே ஒப்புரவறிதல் என்று ஓர் அதிகாரத்தைத் தனியாக வைத்தார் அவர். ஈகை, இல்லாதவர்க்குக் கொடுப்பது. ஒப்புரவு, கூடி வாழ்கிறவர் தம்மைச் சூழ்ந்தோர்க்குச் செய்யும் கடமை. அதற்கு அவர் காட்டிய உவமை மழை. மழை தகுதி பார்ப்பதில்லை, நன்றியையும் எதிர்பார்ப்பதில்லை. அடுத்த வீட்டாருக்கு உதவுவது ஈகை என்று எண்ணினால், 'இவர் தகுதியுடையவரா?' என்ற கேள்வி எழும். ஒப்புரவு என்று கொண்டால் அக்கேள்விக்கு இடமில்லை. 'இத்தெருவுக்கு எது ஏற்றது?' என்ற கேள்வியே எஞ்சுகிறது. தெரு என்பதில் அந்த மூதாட்டியும் உண்டு, பேரனும் உண்டு, நோயாளியும் உண்டு, நாயும் உண்டு.

ஆகவே நான் இவ்வாறு முடிவு செய்தேன். முதலில் நேரில் பேசுவது. கதவைச் சரி செய்ய உதவுவது. அதன் பின்னரும் நாய் வெளியே வந்தால், கடிதத்தில் முதற் கையெழுத்து என்னுடையதாக இருப்பது. இதனை மூதாட்டியிடம் அப்படியே சொல்லி இரண்டு வாரத் தவணை கேட்டேன். "சிக்கு சொன்னால் சரி" என்றார். ஆயினும் அவர் முகம் முழுதும் தெளியவில்லை. அவர் பேரனின் பாதுகாப்பை வைத்து நான் தவணை வாங்கினேன் அல்லவா? எனவே அந்த இரண்டு வாரமும், பள்ளி வேன் வரும் வரை என் மனைவி அச்சிறுவனோடு வாசலில் நின்றாள். பிறரைப் பொறுத்திருக்கச் சொல்கிறவன், அப்பொறுமையின் சுமையில் ஒரு பங்கைத் தானும் தாங்க வேண்டும்.

அடுத்த வீட்டுக்காரர் என்னை வரவேற்கவில்லை. "வாத்தியாரே, பள்ளிக்கூடத்துல வாத்தியார் வேலை பாருங்க. என் வீட்டுக்கு வேணாம்" என்றார். பயிற்சிக் கல்லூரியில் ஒன்று கற்றோம்: முரண்டு பிடிக்கும் மாணவனிடம் அவன் குணத்தைப் பற்றிப் பேசலாகாது; செய்ய வேண்டிய வேலையைப் பற்றி மட்டுமே பேச வேண்டும். நானும் சருகைப் பற்றிப் பேசவில்லை. வானொலியைப் பற்றிப் பேசவில்லை. "அண்ணே, தாழ்ப்பாள் தேஞ்சு போச்சு. மணி லோரியில அடிபட்டா யாருக்கு நட்டம்? சங்கிலியும் பூட்டும் நான் வாங்கித் தரேன். நீங்க போனதும் எங்க வீட்டுல யாராவது பூட்டிடுவோம். இது சரிப்படலன்னா தெருவுல எல்லாரும் மாநகர் மன்றத்துக்கு எழுதுவாங்க, நானும் எழுதுவேன். இப்பவே சொல்லிடறேன்" என்றேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, தம் வலக்கையைக் காட்டி, அதில் பிடி இல்லை, பூட்டைத் திருக முடியவில்லை என்றார். அவர் பூட்டாமல் போனதன் காரணம் அப்போதுதான் வெளிவந்தது. "காசு நான் தரேன். சாவி ஒண்ணு நீங்க வெச்சுக்குங்க. ஆனா உள்ள வந்து எதையும் தொடக்கூடாது" என்று முடித்தார்.

அன்று முதல் அவர் வேனில் ஏறிய பின், என் வீட்டார் ஒருவர் சென்று அக்கதவைப் பூட்டுகிறோம். மணிக்குத் தடுப்பூசி இட்டாயிற்று, உரிமமும் பெற்றாயிற்று, அதற்கான படிவத்தை நான் நிரப்பினேன், பணத்தை அவர் எண்ணி வைத்தார். மூதாட்டியின் பேரன் வாசலில் அச்சமின்றி நிற்கிறான். ஆனால் சருகு இன்றும் என் வாசற் சாக்கடைக்குத்தான் வருகிறது. வானொலியும் ஓய்ந்தபாடில்லை. உதவியால் அண்டை வீட்டார் திருந்திவிட்டார் என்று எழுதினால் கட்டுரை இனிக்கும், உண்மை கசங்கும். அவர் அவராகவே இருக்கிறார். தெரு மட்டும் சற்றுச் செம்மையாக இருக்கிறது. அதுவே வேண்டியிருந்தது.

மாணவர்களுக்கு நாம் பிறர்க்கு உதவுக என்று கற்பிக்கிறோம். அதனோடு இரண்டு சொற்களைச் சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்று, உதவிக்கு அன்பு ஒரு முன்நிபந்தனை அன்று. பிடிக்காதவர்க்கும் முறையாக உதவலாம். மற்றொன்று, உதவி என்பது குற்றத்தை மறைப்பது அன்று. எல்லையை முன்னரே தெளிவாகச் சொல்லிவிட்டு உதவுவதே உதவி பெறுவோர்க்கும் மதிப்பு, ஊருக்கும் நலம். வகுப்பறையில் ஒரு முரட்டு மாணவனை வேறு வகுப்புக்குத் தள்ளிவிடுவது எளிது. அவனை அங்கேயே வைத்துக்கொண்டு, மற்ற முப்பது பேரும் அஞ்சாமல் படிக்கும்படி செய்வது அரிது. தெருவும் அத்தகைய வகுப்பறையே. அங்கு நமக்கு மாணவர்கள் இல்லை, உடன்பயில்வோரே உளர்.