எட்டு வயசுக்கு எந்தப் புத்தகம்?

இரவு 11 மணி இருக்கும். பக்கத்தில் படுத்திருந்த பாப்பா தூங்கிவிட்டாள் என்றுதான் நினைத்திருந்தேன். இருட்டில் அவள் குரல் கேட்டது.

"அம்மா, நான் பெரியவளானதும் யாரையாவது பிடிச்சிருக்குன்னு சொன்னா, அப்பா எனக்கு விஷம் வெச்சிடுவாரா?"

எழுந்து லைட்டைப் போட்டேன். அவள் நெற்றியெல்லாம் வியர்வை. தலையணைக்கு அடியிலிருந்து ஒரு புத்தகம் எட்டிப் பார்த்தது. பெரியவர்கள் படிக்கிற சிறுகதைத் தொகுப்பு. அதில் ஒரு கதையில், வேறு சாதிப் பையனை விரும்பிய மகளுக்கு அப்பாவே பாலில் விஷம் கலந்து கொடுக்கிறார். அதை என் மகள் ஒரு வரி விடாமல் படித்திருக்கிறாள். அப்போது அவளுக்கு 8 வயது. மூன்றாம் வகுப்பு.

அந்தக் கதையில் தப்பு எதுவும் இல்லை. நம் ஊர்களில் நடப்பதைத்தான் எழுதியவர் எழுதியிருந்தார். ஆனால் எட்டு வயசுப் பிள்ளைக்காக எழுதவில்லை. அதை அவள் கைக்கு எட்டும்படி வைத்தது நான்.

எங்களுக்கு மதுரை. பாப்பா நாலு வயதிலேயே மாட்டுத்தாவணி, ஆரப்பாளையம், பெரியார் என்று பஸ் போர்டுகளை எழுத்துக் கூட்டிப் படித்தவள். என் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது, "அப்பத்தாவுக்கு வாசிச்சுக் காட்டு" என்று வாரப் பத்திரிகையை அவள் கையில் கொடுத்தோம். ஒரு மாதத்தில், அப்பத்தா தூங்கிய பிறகும் இவள் வாசித்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் வகுப்பு முடிவதற்குள் பொன்னியின் செல்வன் முதல் பாகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "வந்தியத்தேவன் ஏம்மா எல்லாரிட்டயும் மாட்டிக்கிறாரு?" என்று கேட்டாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கல்யாண வீட்டில் செய்தித்தாளைக் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்வேன். "மூணாவதுதான் படிக்கிறா, ஆனா எதைக் குடுத்தாலும் வாசிச்சிடுவா" என்று சொல்லிச் சொல்லி, எதை வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று நானே நம்பிவிட்டேன். வீடு காலி செய்த ஒரு தோழி ஓர் அட்டைப்பெட்டி நிறையப் புத்தகங்களைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் ஹாலில் வைத்தேன். விஷம் வைத்த கதை வந்தது அந்தப் பெட்டியிலிருந்துதான்.

அன்றிரவு எப்படியோ சமாதானம் சொல்லித் தூங்க வைத்தேன். ஆனால் மறுநாள் காலையில் நடந்தது எதிர்பாராதது. தினமும் அவளுக்குப் பால் ஆற்றிக் கொடுப்பது அவர்தான். டம்ளரை நீட்டினார். பாப்பா ஓர் அடி பின்னால் போய், "நான் அம்மாகிட்டயே வாங்கிக் குடிச்சுக்கிறேன்" என்றாள்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறியதை இன்றும் மறக்க முடியவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிப் பரணில் ஏற்றினார். அலமாரியைப் பூட்டிச் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். "இனிமே பாடப் புத்தகம் மட்டும் போதும்."

படிக்கிற பிள்ளையைப் பூட்டு தடுக்குமா? ஷாம்பு பாட்டில், மருந்து அட்டை, மளிகை ரசீது எல்லாவற்றையும் வாசித்தாள். ஒரு நாள் வடை மடித்து வந்த பழைய பேப்பரை விரித்து வைத்து, எண்ணெய்க் கறைக்கு நடுவே ஒரு கொலைச் செய்தியைப் படித்துக்கொண்டிருந்தாள். கதையிலாவது அந்தப் பெண்ணுக்காக வருத்தப்பட ஓர் எழுத்தாளர் இருந்தார். இந்தச் செய்தியில் அதுவும் இல்லை.

என் மாமியார்தான் சொன்னார். "பசிக்கிற பிள்ளைகிட்ட சாப்பிடாதேன்னு சொன்னா கேக்குமா? அதுக்கு ஒத்துக்குறதைத் தேடிக் குடுக்க வேணாமா?"

தேடத் தொடங்கினேன். புத்தகக் கடையில் முதல் கேள்வியே "எந்த வகுப்பு மேடம்?" என்பதுதான். மூன்றாவது என்றதும் 16 பக்கப் படக்கதைகளை எடுத்துப் போட்டார்கள். நான் பில் போடுவதற்குள் பாப்பா நின்றபடியே இரண்டை முடித்துவிட்டாள். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன, நான்கு படிநிலைகளில். நல்ல கதைகள், நல்ல படங்கள். ஆனால் நான்காம் படியையும் அவள் மளமளவென்று தாண்டிக்கொண்டிருந்தாள். அரசுப் பள்ளிகளுக்கான வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று புத்தகங்களைப் பிரித்திருக்கிறார்கள். அழகான பெயர்கள். என் மகள் 'பற' நிலையில் இருந்தாள். ஆனால் அவளுக்கு வயது எட்டு.

ஒரு பக்கம் படக்கதை, இன்னொரு பக்கம் பெரியவர்களின் நாவல். நடுவில் எதைக் கொடுப்பது?

கடைசியில் எங்கள் பகுதிக் கிளை நூலகத்துக்குக் கூட்டிப்போனேன். நூலகர் ஓய்வு பெறும் வயதை நெருங்கிய பெண்மணி. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பாப்பாவைப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்து, "கடைசியா படிச்சதுல எது உனக்குப் பிடிக்கலை?" என்றார்.

பாப்பா என்னைப் பார்த்தாள். பிறகு விஷக் கதையை முழுசாகச் சொன்னாள். நான் குறுக்கிடப் போனபோது அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதுல எது பயமா இருந்துச்சு?"

"அந்த அக்காவுக்கு அப்பா மேல சந்தேகமே வரலை. சிரிச்சுக்கிட்டே குடிச்சாங்க."

நான் இத்தனை நாளும் இந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. "அது சும்மா கதைடா" என்று மூடி வைத்திருந்தேன்.

பாப்பா அலமாரிப் பக்கம் போனதும் அவர் என்னிடம் சொன்னார். "இவளுக்கு வார்த்தை எல்லாம் தெரியும்மா. அதுக்குப் பின்னாடி இருக்கிற வாழ்க்கை தெரியாது. வயசை மட்டும் பார்த்துக் குடுத்தீங்கன்னா சலிப்பு வரும். வாசிக்கிற வேகத்தை மட்டும் பார்த்துக் குடுத்தீங்கன்னா பயம் வரும். ரெண்டையும் பாருங்க."

அன்று மூன்று புத்தகங்கள் எடுத்துக் கொடுத்தார். பறவைகளைப் பற்றி ஒன்று, வாண்டுமாமாவின் கதைப் புத்தகம் ஒன்று, மூன்றாவது டோட்டோ-சான்.

டோட்டோ-சான், டெட்சுகோ குரோயானகி தன் பள்ளி நாட்களைப் பற்றி எழுதி, ஜப்பானில் 1981-ல் வெளிவந்த புத்தகம். தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டிருக்கிறது. ஒரு பள்ளியிலிருந்து அனுப்பப்பட்ட துறுதுறு சிறுமி, ரயில் பெட்டிகளே வகுப்பறைகளாக இருக்கும் பள்ளியில் சேர்கிறாள். முதல் நாள் அவள் பேசுவதைத் தலைமை ஆசிரியர் நாலு மணி நேரம் உட்கார்ந்து கேட்கிறார். இந்த இடத்தை பாப்பா மூன்று முறை படித்தாள்.

கொடுப்பதற்கு முன் நானும் படித்தேன். இந்த முறை அந்தத் தப்பைச் செய்யக் கூடாது என்று. அதிலும் சாவு இருக்கிறது. டோட்டோ மரத்தில் ஏற்றிவிடும், போலியோ பாதித்த நண்பன் யாசுவாகி பிறகு இறந்துபோகிறான். போர் வருகிறது, பள்ளி எரிகிறது. கொடுக்கலாமா என்று யோசித்தேன். கொடுத்தேன்.

பாப்பா அழுதாள். என் மடியில் தலை வைத்து நன்றாக அழுதாள். ஆனால் அன்றிரவு தூங்கினாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சோகமான கதை பிள்ளைகளுக்குக் கூடாது என்பதில்லை. யாசுவாகியின் சாவை ஒரு சிறுமி நின்ற இடத்திலிருந்து சொல்லியிருக்கிறார்கள். கூடவே அவளை நேசிக்கும் பெரியவர்களும் கதைக்குள் இருக்கிறார்கள். விஷக் கதையில் பிடித்துக்கொள்ள ஒரு கைகூட இல்லை.

இந்த ஒன்றரை வருடத்தில் இன்னும் சில விஷயங்கள் கற்றுக்கொண்டேன். ஒரு பக்கத்தில் ஐந்து வார்த்தைகளுக்கு மேல் தெரியாவிட்டால் அந்தப் புத்தகம் கஷ்டம் என்று ஒரு விரல் கணக்கு சொல்வார்கள். அது வார்த்தைக்குத்தான் சரி, மனசுக்குச் சரிவராது. அதனால் நேரம் இல்லாத நாட்களில்கூட நடுவில் நாலு பக்கம், கடைசி அத்தியாயம் இரண்டையும் புரட்டிவிடுகிறேன்.

வேகமாகப் படிக்கிற பிள்ளைக்குக் கதையைவிடத் தகவல் புத்தகங்கள் நன்றாகத் தீனி போடுகின்றன. எறும்பு, எரிமலை, விண்வெளி என்று எவ்வளவு ஆழமாகப் போனாலும் ஆபத்தில்லை. மதுரையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பகுதிக்கு மாதம் ஒரு ஞாயிறு போகிறோம். இவளுக்கு ஒரு ஞாயிறு போதவில்லை.

சின்னப் புத்தகம் படித்தாலும் தடுப்பதில்லை. போன வாரம் யானைப் படக்கதை ஒன்றை எடுத்து வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பழைய நானாக இருந்தால், "இது சின்னப் பிள்ளைங்க படிக்கிறதுடி" என்றிருப்பேன். அவளும் சின்னப் பிள்ளைதானே! கல்யாண வீட்டில் வாசிக்கச் சொல்வதையும் நிறுத்திவிட்டேன்.

அவர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். டோட்டோ-சானை பாப்பா இரண்டாம் முறை எடுத்தபோது, "நானும் வாசிக்கவா?" என்று பக்கத்தில் உட்கார்ந்தார். ஓர் அத்தியாயம் அவள், ஓர் அத்தியாயம் அவர். பத்துப் பன்னிரண்டு நாள் இப்படிப் போனது. ஓர் இரவு புத்தகத்தை மூடிவிட்டு அவராகவே ஆரம்பித்தார்.

"பாப்பா, அந்தக் கதையில வர்ற அப்பா செஞ்சது கொலை. அந்த மாதிரி ஆளுங்க இருக்காங்க. அது பொய்யின்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா நீ என்ன சொன்னாலும் என்கிட்ட சொல்லலாம். எனக்குக் கோபம் வரலாம், நாம சண்டைகூடப் போடலாம். ஆனா நான் குடுக்கிற பால் எப்பவும் பால்தான்."

பாப்பா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் அடுப்படிக்கு வந்து அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கி, நின்றபடியே குடித்துவிட்டுப் போனாள். அவர் சிங்க் பக்கம் திரும்பி ரொம்ப நேரம் அந்த ஒரு டம்ளரையே கழுவிக்கொண்டிருந்தார்.

அலமாரிக்கு இப்போது பூட்டு இல்லை. பரணில் அந்தப் பெட்டி மட்டும் கட்டிய கயிறோடு அப்படியே இருக்கிறது. "அதை எப்பம்மா இறக்குவீங்க?" என்று போன மாதம் கேட்டாள்.

"நீயே சொல்லு."

கொஞ்சம் யோசித்தாள். "எனக்குப் பதினாலு வயசானதும். ஆனா நீங்களும் அப்பாவும் கூட உக்காந்து படிக்கணும்."

சரி என்று சொல்லியிருக்கிறேன்.