மூச்சுக்காகக் காத்திருந்த கடல்



பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் படிக்கும் என் மகள், இஷா தொழுகைக்குப் பின் ஒரு கேள்வி கேட்டாள். "வாப்பா, பூமிக்கு 450 கோடி வயது என்கிறார்கள். விலங்குகளின் தெளிவான தடயங்களோ சுமார் 57 கோடி ஆண்டுப் பாறைகளில்தான் தொடங்குகின்றன. அதுவரை இத்தனை காலம் எதற்கு? அல்லாஹ் நாடினால் ஒரு கணம் போதுமே!"

இதை வெறும் பாடச் சந்தேகமாக நான் கருதவில்லை. வகுப்பறையில் கேட்பதை ஓர் அலமாரியிலும், மதரஸாவில் கேட்டதை இன்னோர் அலமாரியிலும் வைத்துப் பூட்டிக்கொள்ளும் பிள்ளைகள் நம்மிடையே பலர். இரண்டு சாவிகளையும் சுமப்பது எளிதன்று. ஆகவே அவளுக்குச் சொன்னதைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

நம் ஊர்கள் பலவற்றில் ஆழ்துளைக் கிணற்று நீரை ஒளூச் செய்ய வாளியில் பிடித்து வைத்தால், முதலில் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். சிறிது நேரத்தில் செம்பழுப்பு நிறம் கொண்டு அடியில் துரு படியும். ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில் இரும்பு நீரில் கரைந்து நிற்கிறது. காற்றுப் பட்டதும் துருவாகிப் பிரிகிறது. ஆதிக்கடல் முழுவதும் அந்த வாளி நீரைப் போன்றதே. அதன் நீரில் இரும்பு கரைந்திருந்தது, ஆக்சிஜன் ஏறத்தாழ இல்லை. அந்த இரும்பு படிந்து உருவான பட்டைப் பாறைகளை மேற்கு ஆஸ்திரேலியாவின் ஹேமர்ஸ்லியில் மலை மலையாகக் காணலாம். நம் சேலத்துக் கஞ்சமலையின் இரும்புத் தாதும் இந்த இனத்தைச் சேர்ந்ததே.

ஒளியைக் கொண்டு உணவு சமைத்த நுண்ணிய சயனோபாக்டீரியாக்கள் ஆக்சிஜனை வெளிவிட்டன. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் அது காற்றில் நிலைபெறத் தொடங்கியது. இனி விலங்குகள் வந்துவிடும் என்றுதானே எதிர்பார்ப்போம்? வரவில்லை. அதற்குப் பிறகும் நூற்றைம்பது கோடி ஆண்டுகளுக்கு மேல் கடலில் பெரும்பாலும் நுண்ணுயிர்களும் பாசிகளுமே வாழ்ந்தன.

இந்தத் தாமதத்துக்கு ஒரு விளக்கத்தை 1998ஆம் ஆண்டு டொனால்ட் கேன்ஃபீல்ட் முன்வைத்தார். காற்றில் சிறிது ஆக்சிஜன் வந்தது உண்மை. ஆழ்கடலுக்கு அது எட்டவில்லை. மாறாக, அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்ஃபைடு அங்கே பெருகியது என்றார். கடல் முழுவதும் அப்படி இருக்கவில்லை, கண்டங்களின் விளிம்புகளை ஒட்டியே சல்ஃபைடு மிகுந்திருந்தது, மற்ற ஆழங்களில் இரும்பு நீரே தொடர்ந்தது எனப் பின்வந்த ஆய்வுகள் திருத்தின.

அத்தகைய நீரைக் காண வேண்டுமானால், இஸ்தான்புல்லுக்கு வடக்கே விரியும் கருங்கடல் இன்றும் இருக்கிறது. அங்கே 150, 200 மீட்டருக்குக் கீழே ஆக்சிஜன் இல்லை. பல்கேரியக் கரைக்கு அப்பால் இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில், சுமார் 2,400 ஆண்டுகள் பழமையான கிரேக்க மரக்கப்பல் ஒன்று பாய்மரத் தண்டோடு கிடப்பதை 2018இல் உலகம் அறிந்தது. மரத்தைத் துளைக்கும் உயிர்கள் அந்த நீரில் வாழ இயலாததால் அது பிழைத்தது. கப்பலைக் காக்கும் நீர் மீனைக் கொல்லும்.

சல்ஃபைடு இன்னொரு தீங்கும் செய்தது. மாலிப்டினம் என்ற உலோகத்தை அது நீரிலிருந்து பிரித்துப் படியவைத்துவிடும். நைட்ரஜனை உயிர்கள் உண்ணத்தக்க வடிவுக்கு மாற்றும் நொதிக்கு அந்த உலோகம் தேவை. ஆகவே மூச்சுக் குறைவோடு பஞ்சமும் சேர்ந்துகொண்டது.

கதவு திறந்த காலத்தின் சாட்சிகளுள் ஒன்று கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து. சுமார் 58 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு பனியாறுக் காலம் முடிந்தது. அதற்குமுன் படிந்த ஆழ்கடல் சேற்றில் இரும்பின் வேதிநிலை ஆக்சிஜன் இன்மையைக் காட்டுகிறது. பின் படிந்த சேறு ஆக்சிஜன் வந்ததைக் காட்டுகிறது. கேன்ஃபீல்டும் உடன் ஆய்வாளர்களும் 2007இல் வெளியிட்ட முடிவு இது. அதற்கு மேலுள்ள அடுக்குகளில், பெரணி இலைபோன்ற உருவங்கள் கல்லில் பதிந்து கிடக்கின்றன.

அவ்வகை உருவம் ஒன்றை இங்கிலாந்தின் சார்ன்வுட் காட்டில் 1956இல் ஒரு பள்ளி மாணவி, டீனா நீகஸ், கண்டாள். இவ்வளவு பழைய பாறையில் புதைபடிவமே இருக்க முடியாது என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். அடுத்த ஆண்டு ராஜர் மேசன் என்னும் மாணவர் கண்டபோது உலகம் கேட்டது. அதற்குச் சார்னியா மேசோனி என்று பெயரும் வைத்தது. பெண் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளை நாம் பொறுமையுடன் கேட்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தோன்றவில்லை.

ரஷ்யாவின் வெண்கடல் ஓரத்தில் கிடைத்த டிக்கின்சோனியா இன்னும் வியப்பானது. சில மில்லிமீட்டர் தடிமனே உடையது. நீளமோ சிலவற்றில் ஒரு மீட்டரையும் தாண்டும். மெல்லிய உடலாதலால் செவுள் இன்றியே தோல்வழி ஆக்சிஜன் பெற முடிந்திருக்கும். அந்தப் படிவத்தில் கொலஸ்ட்ராலின் எச்சம் இருப்பதை 2018இல் கண்டு, அது விலங்கே என்று நிறுவினர். நம் தசையையும் எலும்பையும் கட்டி நிறுத்தும் கொலாஜன் என்ற புரதமும் ஆக்சிஜன் இல்லாமல் உறுதிபெறாது. உடல் பெரிதாக வளர மூச்சு ஏன் முதலில் வர வேண்டும் என்பது இதில் ஓரளவு விளங்குகிறது.

இதையெல்லாம் ஒரு வசனத்துக்குள் ஏற்கெனவே இருந்ததாகக் காட்டும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. ஆய்வு முடிவுகள் திருத்தப்படுபவை. கேன்ஃபீல்டின் கருத்தே பத்தாண்டுகளில் திருத்தம் கண்டது. அவற்றின்மேல் மறையைச் சாய்த்து வைத்தால், அவை நகரும்போது பிள்ளையின் ஈமானும் நகரும். ஆனால் 'கத்ர்' என்ற சொல்லுக்கு அளவு என்றும் பொருள் உண்டு என்பதை அவளுக்கு நினைவூட்டினேன். இரும்பு இவ்வளவு, கந்தகம் இவ்வளவு, ஆக்சிஜன் இவ்வளவு என்று அளவுகள் அமையும்வரை நீண்ட காலத்தை வீண் என்று நான் எண்ணவில்லை. ஒரு கணத்தில் செய்ய வல்லவன் கோடிக்கணக்கான ஆண்டுகளில் செய்வதைத் தேர்ந்தால், காலம் அவனுக்குச் செலவாகிவிடுவதில்லை.

இந்த வழக்கு இன்னும் முடியவில்லை. ரொட்டித்துகள் கடற்பஞ்சு என்னும் எளிய விலங்கு, இன்றைய ஆக்சிஜன் அளவில் வெறும் சில விழுக்காட்டிலும் உயிர் வாழ்வதை 2014இல் டென்மார்க் ஆய்வகத்தில் கண்டனர். அப்படியானால் முதல் விலங்குகள் நிறைந்த ஆக்சிஜனுக்காகக் காத்திருக்கவில்லையோ என்ற ஐயம் எழுந்தது. சிலர் முறையையே திருப்பிச் சொல்கிறார்கள்: கடற்பஞ்சுகள்தாம் நீரிலிருந்த நுண்துகள்களை வடிகட்டி உண்டு, அவை அழுகி ஆக்சிஜனைத் தின்பதைக் குறைத்து, ஆழ்கடலுக்கு மூச்சு எட்ட வழிசெய்தன என்கிறார்கள்.