பற்றற்ற வாயு

பிளஸ் ஒன் வேதியியலில் ஒரு கணக்கு வரும். இத்தனை லிட்டர் வாயு, இந்த அழுத்தம், இந்த வெப்பநிலை. எரித்தால் எவ்வளவு வெப்பம்? அழுத்தத்தையும் கனஅளவையும் பெருக்கி, வாயு மாறிலியாலும் வெப்பநிலையாலும் வகுத்தால் மோல் எண்ணிக்கை வரும். ஒரு மோல் தரும் வெப்பத்தால் அதைப் பெருக்கினால் விடை. மதிப்பெண்ணும் வந்துவிடும். எனக்கு மட்டும் ஓர் உறுத்தல் மிஞ்சும்.

முதல் பாதியில் அதை நல்லியல்பு வாயு என்று வைத்துக்கொள்கிறோம். அதன் மூலக்கூறுகளுக்கு உடம்பு கிடையாது, ஒன்றன்மேல் ஒன்றுக்கு ஈர்ப்பும் கிடையாது. மோதும், விலகும். மறுபாதியில் அதே மூலக்கூறுகள் பழைய பிணைப்பை அறுத்துக்கொண்டு புதிதாக ஒன்றைக் கட்டிக்கொள்கின்றன. வெப்பம் அங்கிருந்துதான் வருகிறது. எண்ணும்போது பற்றே இல்லை என்கிறோம், எரிக்கும்போது பற்றுக்கு விலை போடுகிறோம். வேடிக்கை என்னவென்றால், சாதாரண அழுத்தத்தில் ஹைட்ரஜனுக்கு இந்தப் பொய்யால் நூற்றில் ஒரு பங்குகூடப் பிழை வராது.

ஹிண்டன்பர்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். 245 மீட்டர் நீளமுள்ள ஜெர்மன் ஆகாயக் கப்பல். சுமார் 2 லட்சம் கனமீட்டர் ஹைட்ரஜன் கொள்ளும். 1937 மே 6 அன்று அமெரிக்காவின் லேக்ஹர்ஸ்டில் இறங்கும் வேளையில் தீப்பிடித்தது. அத்தனையும் நிரம்பியிருந்தது, 25 டிகிரி, ஒரு வளிமண்டல அழுத்தம் என்று வைத்தால், ஒரு மோலுக்கு 24.5 லிட்டர் வீதம் சுமார் 82 லட்சம் மோல். எரிந்து நீராவியாகும்போது மோலுக்கு 242 கிலோஜூல். மொத்தம் ஏறக்குறைய 200 கோடி கிலோஜூல். நம் வீட்டுச் சமையல் சிலிண்டர் மூவாயிரத்தை ஒன்றாகக் கொளுத்தினால் வரும் வெப்பம். கப்பல் எரிந்து விழ அரை நிமிடம்தான் ஆனது. ஆனால் ஹைட்ரஜன் இலேசு. தீ மேல்நோக்கிப் போனது. கப்பலில் இருந்த 97 பேரில் 62 பேர் பிழைத்தார்கள். இதைச் சொல்ல எந்தச் சமன்பாட்டிலும் இடமில்லை.

அந்தக் கப்பலை முதலில் ஹீலியத்துக்காகத்தான் வடிவமைத்தார்கள். அமெரிக்கா ஹீலியத்தை விற்கவில்லை. நல்லியல்புக்கு மிக அருகில் நிற்பது ஹீலியம்தான். பற்றில்லாததுபோல் நடிக்கவேண்டிய அவசியமே அதற்கில்லை. 1868 கிரகணத்தின்போது அதன் மஞ்சள் கோடு தென்பட்டதே சூரியனில்தான். சூரியனிலேயே இருந்தாலும் நம் அடுப்பில் அது எரியாது.

ஹீலியத்தைக் கொடுத்து இதே கேள்வியைத் தேர்வில் கேட்கவேண்டும். விடை பூஜ்யம். எத்தனை பிள்ளைகள் அதற்கும் பக்கம் பக்கமாக வகுத்துப் பெருக்கியிருப்பார்கள் என்று பார்க்க எனக்கு ஆசை.