கடைமடைக்காரர் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டிய அணை

திருச்செந்தூர் ஆவுடையார்குளத்துக்கு வரும் ஆற்றுத் தண்ணீர் பொதிகை மலையில் பெய்த மழை. பாபநாசம், மணிமுத்தாறு அணைகளிலிருந்து இறங்கி, தாமிரபரணியில் ஏழு அணைக்கட்டுகளைத் தாண்டி, எட்டாவதான ஸ்ரீவைகுண்டத்தில் தென்காலுக்குள் திரும்பி, குளம் குளமாக நிரப்பிக்கொண்டு கடைசியாகத்தான் இங்கே வருகிறது. வழியில் எங்கே பழுது என்றாலும் முதலில் காய்வது கடைமடை வயல்தான்.

திருச்செந்தூரிலிருந்து திருநெல்வேலி பஸ்ஸில் ஏறினால் அந்தத் தண்ணீரை எதிர்த்துப் போவது போலத்தான். குரும்பூர்ப் பக்கம் வாழைத் தோட்டங்கள். அதைத் தாண்டினால் கடல்போல விரியும் கடம்பாகுளம். பிறகு தென்திருப்பேரை, ஆழ்வார்திருநகரி. புதுக்குடியில் இறங்கினால் ஆறு பக்கம்தான்.

150 வயதுக் கட்டடம்

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு, பாபநாசம் போலத் தண்ணீரைத் தேக்கி வைக்கும் பெரிய அணை அல்ல. ஆற்றின் குறுக்கே தாழ்வாகக் கட்டிய சுவர். நீர்மட்டத்தை உயர்த்தி வடகாலிலும் தென்காலிலும் திருப்பிவிடுவதே அதன் வேலை. பக்கிள் துரை கலெக்டராக இருந்த காலத்தில் கட்டப்பட்டு, 1873-ல் முடிந்தது. இன்று சுமார் 25,000 ஏக்கர் அதை நம்பியிருக்கிறது. நெல்லும் வாழையும் போக, 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற ஆத்தூர் வெற்றிலையின் கொடிக்கால்களும் இந்தத் தண்ணீரில் வளர்பவைதான்.

பழைய கட்டடம் என்பதாலேயே அது பலவீனம் என்று சொல்லிவிட முடியாது. கல்லணை இன்றும் நிற்கிறது. ஆனால் 1836-ல் கட்டிய முக்கொம்பு மேலணையில், கொள்ளிடத்துப் பக்கம் 2018 ஆகஸ்ட் 22 அன்று ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் அடித்துப் போயின. பார்த்துப் பராமரிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வேறு பாடம் வேண்டாம்.

எதைப் பார்க்கிறார்கள்?

இத்தகைய அணைக்கட்டைச் சோதிக்கும் பொறியாளர் முதலில் பார்ப்பது சுவரை அல்ல, அதன் காலடியை. மேலிருந்து விழும் தண்ணீர், கீழ்ப்பக்கக் கல்தளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். தளம் போனால் அஸ்திவாரத்து மணலும் போகும். சுவர் மேலே நன்றாகத் தெரிந்தாலும் அடியில் பொந்து விழுந்திருக்கும். ஆற்றில் தண்ணீர் குறைந்த கோடையில்தான் இதைக் கண்ணால் பார்க்க முடியும்.

அடுத்தது கசிவு. தெளிந்த கசிவு அளவு கூடாமல் இருந்தால் கவனித்துக்கொண்டு இருக்கலாம். கலங்கிய கசிவு வந்தால் மண் உள்ளிருந்து வெளியேறுகிறது என்று பொருள். அன்றே சொல்ல வேண்டும். மூன்றாவது, தலைமதகும் மணல்போக்கி ஷட்டர்களும் ஏறி இறங்குகின்றனவா என்பது. துருப்பிடித்து நின்ற ஷட்டரை வெள்ள ராத்திரியில் யாராலும் தூக்க முடியாது.

நான்காவது வண்டல். ஸ்ரீவைகுண்டத்தில் மணலும் சேறும் சேர்ந்து அணைக்கட்டு மேடாகிப்போனதாக விவசாயிகள் பல ஆண்டுகள் முறையிட்டார்கள். பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகு, 2015-ல்தான் தூர்வாரும் வேலை தொடங்கியது.

சட்டம் எட்டாத இடம்

அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021-ல் வந்தது. அதன்படி பருவமழைக்கு முன்னும் பின்னும் அணைகளை ஆய்வு செய்தாக வேண்டும். ஆனால் 15 மீட்டருக்கு மேல் உயரமானவையும், 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றில் சிலவும்தான் அந்தக் கணக்கில் வரும். தாழ்வான அணைக்கட்டும், ஊர்க் குளக்கரையும் அதற்குள் வராது. அவற்றின் பாதுகாப்பு நீர்வளத்துறையின் வழக்கமான பராமரிப்பையும், பாசன விவசாயிகளின் கண்ணையும் நம்பியே இருக்கிறது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இது வெளிச்சமானது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ. மழை. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய சென்னை ரயில், சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. அணைக்கட்டு தாங்கிக்கொண்டது. உடைந்தவை குளக்கரைகளும் கால்வாய்க் கரைகளும். நெல் வயலில் மணல் ஏறியது, வாழை சாய்ந்தது. அவ்வளவு மழைக்கு எந்தக் கரையும் திணறும் என்பது உண்மைதான். ஆனால் கரையில் ஏற்கெனவே இருந்த ஓட்டை வழியாகத்தான் வெள்ளம் முதலில் நுழையும்.

ஐப்பசிக்கு முன்னால்

வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் பிடித்துக்கொள்ளும். அதற்கு முன்பே, புரட்டாசியில், குளத்துப் பாசன விவசாயிகள் நான்கு பேராகச் சேர்ந்து கரையை முழுதாக ஒருமுறை நடந்து பார்ப்பது நல்லது. கரையில் எலி, நண்டு வளை இருக்கிறதா? பட்டுப்போன மரத்தின் வேர் உள்ளே மக்கிப் பொந்து விட்டிருக்கிறதா? கரையின் வெளிச்சரிவில் ஒரு இடம் மட்டும் எப்போதும் ஈரமாக இருக்கிறதா? மறுகால் போகும் ஓடையை அமலைச்செடியோ ஆக்கிரமிப்போ அடைத்திருக்கிறதா? மதகு ஷட்டர் திருகுகிறதா?

கண்ட குறையை வாய்ச்சொல்லாக விடாமல், எந்தக் குளம், எந்த மடைக்குப் பக்கம் என்று எழுதி, செல்போனில் எடுத்த படத்தோடு நீர்வளத்துறை உதவிப் பொறியாளரிடம் கொடுத்து ஒப்புகை வாங்க வேண்டும். மாவட்ட விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்திலும் அதே மனுவைக் கொடுக்கலாம். கோடையில் ஒரு நாள் ஸ்ரீவைகுண்டம் போய் ஆற்றின் கீழ்ப்பக்கம் நின்று பார்த்துவிட்டு வந்தால், மனுவில் என்ன எழுதுவது என்பது தானாகவே தெரியும்.