உறையூருக்குப் போய் வந்தவர்

காலவ ரிஷியின் 360 கன்னியரை நாளுக்கொருவராக மணந்து, கடைசியில் அனைவரையும் ஒரே நாச்சியாராக்கி இடப்பக்கத்தில் ஏந்தி நிற்கும் திருவிடந்தை நித்திய கல்யாணப் பெருமாளைச் சேவித்து வளர்ந்த பொத்தேரிக்காரனாகிய எனக்கு, தெய்வ தாம்பத்தியத்தில் சச்சரவும் உண்டு என்ற எண்ணம் ஒருபோதும் தோன்றியதில்லை. ஆகையால், ஸ்ரீரங்கத்தில் பங்குனி உத்திரத்தன்று பெருமாளுக்கு மட்டையடி விழும் என்று நண்பர் ஒருவர் சொன்னபோது, பக்திக்கு ஒவ்வாத வேடிக்கை என்ற அபிப்பிராயத்தோடுதான் ரயிலேறினேன்.

ஆதி பிரம்மோற்சவத்தின் ஆறாம் நாள் நம்பெருமாள் காவிரியைக் கடந்து உறையூர் சென்று, சோழ ராஜகுமாரியாகிய கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி கண்டு திரும்புகிறார். படிதாண்டாப் பத்தினியான ரங்கநாயகித் தாயாருக்குச் செய்தி எட்டிவிடுகிறது. உத்திரத்தன்று பெருமாள் தாயார் சந்நிதி வாசலை நெருங்கியதும் கதவு முகத்துக்கு நேரே சாத்தப்படுகிறது. பல்லக்கு பின்வாங்குகிறது, மறுபடி முன்னேறுகிறது, மறுபடியும் கதவு சாத்தப்படுகிறது. பூப்பந்தும் பழமும் வெண்ணெயும் அவர் மேல் பறந்து வருகின்றன. வாழைமட்டை அடி விழும் சப்தம் கேட்டபோது என் உடல் கூசியது.

அப்பொழுதுதான் என் பக்கத்தில் நின்ற பூக்காரி, உறையூர்க்காரியாம், உண்மையான ஆற்றாமையோடு உரக்கச் சொன்னாள்: "வருஷத்துக்கு ஒரு நாள் எங்க ஊருக்கு வந்தாரு. அதுக்கு இந்த அடியா?"

முன்னால் நின்ற ஸ்ரீரங்கத்து மாமி வெடுக்கென்று திரும்பினாள். "போனதுக்கா அடி? போயிட்டு வந்து பொய் சொல்றாரே, அதுக்குத்தான்!"

மாமியின் வாதம் நியாயமானது. இரு தரப்புக்கும் ஆள் நின்று வாசிக்கும் சம்வாதத்தைக் கேட்டால் தெரியும். கண் ஏன் சிவந்தது என்று தாயார் கேட்டால், உலகைக் காக்க இரவெல்லாம் விழித்திருந்தேன் என்கிறார். கேள்விக்குக் கேள்வி ஒரு சாக்கு தயாராக இருக்கிறது. அவருடைய காணாமற்போன கணையாழி கூட அந்தச் சம்வாதத்தில் சாட்சியாக வருகிறது. எங்கள் திருவிடந்தையில் 360 நாச்சிமாருள் ஒருவரேனும் இப்படி ஒரு கேள்வி கேட்டதாகப் புராணம் சொல்லவில்லையே என்று, என் வாழ்நாளில் முதன்முறையாக, எனக்கு வருத்தமாக இருந்தது.

அப்போது இன்னொரு உற்சவம் நினைவுக்கு வந்தது. வட இத்தாலியில் இவ்ரேயா என்னும் நகரில், தவக்காலத்துக்கு முன்வரும் கார்னிவல் நாட்களில், வண்டிமேல் நிற்போர் கொடுங்கோலனின் சேவகராகவும் தரையில் நிற்போர் குடிகளாகவும் பிரிந்து மூன்று நாள் ஆரஞ்சுப் பழங்களால் அடித்துக்கொள்கிறார்கள். மணநாளில் தன்மேல் உரிமை கொண்டாடிய பிரபுவின் தலையைக் கொய்த ஒரு மாவாலைக்காரர் மகளைப் பற்றிய ஐதிகம் அந்தக் கொண்டாட்டத்துக்கு ஆதாரம். அங்கும் இங்கும் பெண்ணின் கோபமே உற்சவமாயிற்று. அங்கே தலை விழுந்தது. இங்கே நம்மாழ்வார் நடுவில் எழுந்தருளிச் சமாதானம் செய்துவைக்கிறார். கோபித்தவளின் கோபம் முழுதும் கேட்கப்பட்ட பிறகே சமாதானம் வருகிறது என்பதுதான் என்னை வசப்படுத்தியது. கூச்சம் போன இடம் தெரியவில்லை.

கதவு திறந்தது. ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் கிட்டும் சேர்த்தியில் இருவரும் ஒரே ஆசனத்தில் வீற்றிருந்தனர். எங்கள் பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில் 1017-இல் அவதரித்த ராமானுஜர், கத்யத்ரயத்தை விண்ணப்பித்துச் சரணாகதி கேட்டது இத்தகைய ஒரு பங்குனி உத்திரத்தில்தான் என்பது சம்பிரதாயம். வரம் கேட்க அவர் தேர்ந்த வேளை எவ்வளவு பொருத்தமானது! ஊடல் தீர்ந்த கணத்தில், தாயார் பக்கத்தில் இருக்கையில், பெருமாளால் எதை மறுக்க முடியும்?

கூட்டம் கலைந்தபோது பூக்காரி கூடையில் மிஞ்சிய கதம்பத்தை மாமியிடம் நீட்டினாள். "தாயாருக்குச் சாத்தச் சொல்லுங்க. ஆனா அடுத்த பங்குனிக்கும் எங்க ஊருக்கு வருவாரு."

"வரட்டுமே," என்றாள் மாமி, கதம்பத்தை வாங்கிக்கொண்டே. "மட்டையும் தயாரா இருக்கும்."