இழுத்துக் கட்ட ஒன்றுமில்லாதவர்கள்

ஆனைமலைக்காரர்களான எங்களுக்குக் காற்று புதிதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்றில் வாழை சாய்வதை வருஷந்தோறும் பார்க்கிறோம். ஆனால் இன்ன தேதியில் வரும் என்று சொல்லப்பட்ட காற்றுக்காகக் காத்துக் கிடப்பது எப்படி இருக்கும் என்பதை, கஜா புயலுக்குப் பின் அரிசியும் தார்ப்பாயும் ஏற்றிக்கொண்டு வேதாரண்யம் பக்கம் போனபோதுதான் கேட்டுத் தெரிந்துகொண்டோம்.

2018 நவம்பர் 15 பிற்பகல் என்றார்கள். பிறகு மாலை என்றார்கள். பிறகு இரவு. படகுக்காரர்கள் ஃபைபர் படகுகளை முடிந்தவரை மேட்டுக்கு இழுத்து, ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். எஞ்சினைக் கழற்றி வீட்டுக்குச் சுமந்தவர்கள் உண்டு. அதற்குப்பின் செய்ய ஒன்றுமில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான். 16ஆம் தேதி அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே புயல் கரையேறியது. வெள்ளப்பள்ளத்திலும் புஷ்பவனத்திலும் கட்டிய படகுகளே ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நொறுங்கின.

படகு போனாலும் படகுக்காரர் கரையில் இருந்தார். இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட முடியாது. அதற்கு முந்தைய ஆண்டு ஒக்கி வந்தபோது எச்சரிக்கை எட்டுவதற்குள் குமரி மீனவர்கள் பலர் ஆழ்கடலில் இருந்தார்கள். திரும்பாதவர்களுக்காக அந்த மக்கள் குழித்துறையில் ரயிலை மறித்தார்கள். சத்தம் போட்டால்தான் எச்சரிக்கைகூடக் கிடைக்கும் இந்த நாட்டில்.

நாங்கள் போனது மீனவர் குப்பத்துக்கு அல்ல, உள்ளே தள்ளியிருந்த ஒரு காலனிக்கு. அவர்களும் அதே இரவில் அதே புயலுக்குக் காத்திருந்தவர்கள்தான். உப்பளத்திலும் வயலிலும் அடுத்தவர் தென்னந்தோப்பிலும் கூலி வேலை. நிவாரண வண்டிகள் மெயின் ரோட்டிலேயே காலியாகித் திரும்பிக்கொண்டிருந்தன. சேதத்தைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறீர்களா என்று எங்களில் ஒருவர் கேட்டதற்கு ஓர் அம்மா சொன்னார்: “எதத் தம்பி போட்டோ எடுக்கறது? இழுத்துக் கட்ட எங்ககிட்ட படகா இருந்துச்சு?”

சாய்ந்த தென்னைகளைப் பார்த்தபோது எங்களில் யாரும் பேசவில்லை. தேங்காய் எங்கள் பிழைப்பு. பறிக்க ஏறுபவர், மட்டை உரிப்பவர், நார் மில்லில் தூசி தின்பவர் எல்லாம் எங்கள் வீடுகளில் உண்டு. தோப்பு வைத்திருப்பவரைத்தான் தேட வேண்டும். அரசு ஒரு மரத்துக்கு 600 ரூபாயும், வெட்டி அகற்ற 500 ரூபாயும் அறிவித்தது. தோப்புக்காரருக்கு அதுவும் போதாது, மறு தென்னை காய்க்க வருஷங்கள் ஆகும் என்பது எங்களுக்குத் தெரியாததா? அவர் கேட்பது நியாயம். ஆனால் அதே மரத்தில் ஏறிக் கூலி வாங்கியவருக்கும் அத்தனை வருஷம் வேலை போயிற்று. பட்டாவில் மரம் இருக்கிறது, ஏறியவர் இல்லை. முழுதாக விழுந்த குடிசைக்கு 10,000 உண்டு. அது கூரைக்கு. சேறு மூடிய உப்பளத்தில் போன கூலிக்கு?

இதே நாகை மாவட்டத்தில் 2004 சுனாமியின்போது பிணங்களை எடுக்க வெளியூர் நகராட்சிகளிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களை அழைத்து வந்தார்கள். அவர்கள் எந்தத் தெருக்காரர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. அப்போது தலித்துகள் முகாம்களில் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் எழுதி வைத்திருக்கின்றன. பிணம் தூக்கக் கூப்பிடும்போது மட்டும் பட்டியலில் நம் பெயர் முதலில் வந்துவிடுகிறது.

மீனவர்களோடு நமக்குச் சண்டை இல்லை. ஒரு வள்ளத்தின் கடனை அடைக்க அவர்கள் படும் பாட்டைக் கேட்டுவிட்டுத்தான் வந்தோம். சண்டை, உடைமையை மட்டுமே இழப்பாகப் பார்க்கும் கணக்கோடு. வழியே இல்லை என்று அதிகாரிகள் சொல்லவும் முடியாது. பிழைப்பு கடுமையாகப் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு நாளொன்றுக்குப் பெரியவருக்கு 60 ரூபாய், பிள்ளைக்கு 45 ரூபாய் என்று அப்போதைய பேரிடர் நிதி விதியிலேயே இருந்தது. மட்டை உரிக்கிற எங்கள் ஆட்களிடம் ஒரு நாளுக்கு 60 ரூபாய் என்று சொன்னால் சிரிப்பார்கள். அந்தக் காலனியில் கேட்டுப் பார்த்தோம். அப்படி ஒன்று இருப்பதாகவே அங்கே யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை.