மரக்கறி நாளிலும் வயிறு நிறையட்டும்

புரட்டாசி பிறந்துவிட்டால் நம் வீடுகளில் மீன் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து விடுகிறோம். பெருமாளுக்கு உகந்த சனிக்கிழமைகளில் மட்டும் என்று சிலர்; மாதம் முழுவதும் என்று சிலர். ஐப்பசியில் கந்த சஷ்டிக்கு ஆறு நாள். தைப்பூசத்திற்குக் காவடி எடுப்பவர் உள்ள வீடென்றால் அதற்கும் மேலே. வெள்ளிக்கிழமை வேறு தனியாக இருக்கிறது. ஆண்டு முழுவதற்கும் கணக்குப் பார்த்தால், தோட்டப்புறத்துக் குடும்பங்கள் மரக்கறி சாப்பிடும் நாட்கள் கொஞ்சநஞ்சமல்ல. நல்ல பழக்கந்தான். அதைக் குறை கூற நான் வரவில்லை, வாசகர்களே. அந்த நாட்களில் தட்டில் என்ன விழுகிறது என்பதுதான் என் பேச்சு.

பெரும்பாலான வீடுகளில் என்ன நடக்கிறது? மீனை நிறுத்துகிறோம், கோழியை நிறுத்துகிறோம்; அவை இருந்த இடத்தில் வேறு எதையும் வைப்பதில்லை. சோறு, ரசம், அப்பளம், ஒரு கைப்பிடி கோஸ் பிரட்டல். விடியுமுன் எழுந்து மரம் சீவப் போகிறவருக்கும், நீண்ட கம்பில் அரிவாளைக் கட்டிச் செம்பனைக் குலை அறுக்கிறவருக்கும் இந்தச் சாப்பாடு எத்தனை மணி நேரம் தாங்கும்? வயிறு அதிகமாகக் கேட்கிறது என்று இன்னும் ஒரு கரண்டி சோறு போடுகிறோம். சோற்றால் வயிறு மேடாகும். உடம்புக்கு வேண்டியது வந்துசேராது.

அவர்களாவது முதலில் உட்காருகிறார்கள். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, பிள்ளைகளின் தட்டைக் கழுவிவிட்டு, கடைசியில் சட்டியோரம் உட்காருகிறாளே வீட்டுத் தாய், அவளுக்கு மிஞ்சுவது என்ன? காயெல்லாம் போனபிறகு ரசமும் ஊறுகாயும். மாதந்தோறும் இரத்தம் இழப்பவள் அவள். பிள்ளை சுமந்து பெற்றுப் பால் கொடுத்தவளும் அவள். இரும்புச் சத்து வீட்டில் யாரைவிடவும் அவளுக்குத்தான் அதிகம் வேண்டும். படியேறினால் மூச்சு வாங்குகிறது, கண் இருட்டுகிறது, நகம் வெளுத்திருக்கிறது என்று சொல்லும் பெண்கள் நம்மிடையே எத்தனை பேர்! "விரத நாளில் அப்படித்தான் இருக்கும்" என்று தள்ளிவிடுகிறோம். அப்படி இருக்க வேண்டியதில்லை. (மூச்சு வாங்குவது தொடர்ந்தால் குழம்பு மட்டும் போதாது, கிளினிக்கிற்குப் போய் இரத்தம் சோதிக்கத்தான் வேண்டும்.)

இதற்கு நான் சொல்ல வந்த வழி ஒரு சட்டிப் பயறு. காரசாரமாக, கெட்டியாக, கறிக் குழம்புக்கு ஏங்குகிற நாக்கையும் அடக்கிவிடக் கூடிய ஒரு சட்டிப் பயறு.

இந்தச் சமையலின் பூர்வீகம் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம். அங்கே இதற்குச் சில்லி என்றே பெயர். சான் அந்தோனியோ நகரத்துச் சதுக்கங்களில் 19ஆம் நூற்றாண்டில் மெக்சிக்க வம்சாவளிப் பெண்கள் மாலை வேளைகளில் அடுப்பு மூட்டி, பெரிய பெரிய சட்டிகளில் இதைக் காய்ச்சி விற்றார்கள். நம் பாசார் மாலாம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குச் 'சில்லி ராணிகள்' என்று பட்டமே இருந்தது. டெக்சஸ் 1977ஆம் ஆண்டில் இதைத் தன் மாநில உணவாகவே அறிவித்துவிட்டது. அவர்களுடையது மாட்டிறைச்சியில் செய்வது. அதில் பீன்ஸ் போட்டால் அது சில்லியே அல்ல என்று டெக்சஸ்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். அவர்கள் இறைச்சியை வைத்துக்கொள்ளட்டும். நாம் பீன்ஸை எடுத்துக்கொள்வோம். இறைச்சியில்லாமல் பீன்ஸில் மட்டும் செய்கிறவர்கள் அமெரிக்காவிலேயே இப்போது ஏராளம்.

அந்நிய நாட்டுச் சமையல் நமக்கு எதற்கு என்று மாமியார் கேட்டால், இதையும் சொல்லுங்கள். மிளகாய் நம்முடையதல்ல. தக்காளியும் அல்ல. 1492இல் கொலம்பஸ் அமெரிக்கக் கரையைத் தொட்டபிறகுதான் இவை கடல் கடந்து வந்தன. மிளகாயைக் கீழ்த்திசைக்குக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கீசியர். அதற்கு முன் நம் முன்னோர் காரத்திற்கு மிளகையும் திப்பிலியையும்தான் நம்பியிருந்தார்கள். புதிதாக வந்த காய் மிளகைப் போல் உறைத்ததால் மிளகாய் ஆயிற்று. மரவள்ளியும் அந்தக் கண்டத்துக் கிழங்கே. ஏன், நமக்குச் சோறு போட்ட ரப்பர் மரமே பிரேசில் காட்டு மரமல்லவா? 1876இல் அதன் விதைகள் லண்டனுக்குப் போய், 1877இல் 22 கன்றுகளாகச் சிங்கப்பூர் வந்து இறங்கின. ஆகவே இந்தச் சட்டியில் அந்நியம் என்று ஒதுக்கப் பெரிதாக ஒன்றுமில்லை. அதன் மணமோ நம் சீரக மணம்.

இனி சமையலுக்கு வருவோம். ஆறு பேருக்கு 400 கிராம் உலர்ந்த சிவப்பு பீன்ஸ் வேண்டும். சிறுநீரக வடிவில், கருஞ்சிவப்பாக, தடித்த தோலோடு இருக்கும். ராஜ்மா என்றும் கிட்னி பீன்ஸ் என்றும் விற்பார்கள். சரக்கு ஓடுகிற கடையில் வாங்குங்கள். நம் நாட்டுச் சூட்டிலும் ஈரத்திலும் வெகுநாள் கிடந்த பயறு எத்தனை மணி நேரம் அவித்தாலும் கல்லாகவே இருக்கும். டின்னில் அடைத்ததும் கிடைக்கிறது. அவசரத்திற்கு ஆகும், விலைதான் கூட. உலர்ந்த பீன்ஸ் வெந்தால் எடையில் இரண்டரை மடங்காகப் பெருகும் என்பதை மறக்காதீர்கள்.

இரவே கழுவி நிறையத் தண்ணீரில் ஊறவையுங்கள். காலையில் ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். வயிற்றில் வாயு சேர்க்கும் சர்க்கரைகளில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடும். புதுத் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வையுங்கள்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள், சகோதரிகளே. இது ஏனோதானோ என்று படித்துவிட்டுப் போகிற இடமல்ல. வேகாத சிவப்பு பீன்ஸில் ஒரு நஞ்சு இருக்கிறது. நாலைந்து பச்சைப் பயற்றைத் தின்றாலே ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்திற்குள் குமட்டல், வாந்தி, பிறகு வயிற்றுப்போக்கு என்று ஆளைப் படுக்க வைத்துவிடும். நன்றாகக் கொதித்தால் அந்த நஞ்சு அழிந்துபோகும். 'கொதித்தால்' என்ற சொல்லைக் கவனியுங்கள். தண்ணீர் தளதளவென்று புரண்டு கொதிக்க ஆரம்பித்ததிலிருந்து பத்து நிமிடத்திற்குக் குறையக் கூடாது. அரை மணி என்றால் இன்னும் நிம்மதி. அதற்குப் பிறகுதான் தணலைக் குறைக்கலாம். ஸ்லோ குக்கர் என்று ஒரு மின்சாரச் சட்டி வந்திருக்கிறதே, காலையில் போட்டுவிட்டு வேலைக்குப் போனால் மாலையில் வெந்திருக்கும் என்று, அதில் இந்தப் பயற்றை நேரே போடவே கூடாது. அதன் மந்தமான சூடு நஞ்சை அழிக்காது. பச்சையில் இருந்ததைவிடக் கூட்டியும் விடலாம். முதலில் அடுப்பில் கொதிக்கவைத்துவிட்டுப் பிறகு எதில் வேண்டுமானாலும் போடுங்கள். டின் பீன்ஸ் ஏற்கெனவே வெந்தது. அதற்கு இந்தக் கவலை இல்லை. பிரஷர் குக்கரின் சூடு போதுமானதுதான், என்றாலும் மூடுவதற்கு முன் திறந்த சட்டியில் பத்து நிமிடம் கொதிக்கவிடுவது என் வழக்கம்.

சாதாரணச் சட்டியில் ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஆகும். விரலால் நசுக்கினால் வெண்ணெய் போல் நசுங்க வேண்டும். அதுவரை புளி, தக்காளி எதையும் சேர்க்காதீர்கள். புளிப்பு விழுந்தால் பயறு வேக மறுக்கும். சீக்கிரம் வேகட்டும் என்று சோடாப்பூவும் போடாதீர்கள். அது 'பி1' வைட்டமினைக் கொன்றுவிடும். அந்த வைட்டமின் சின்ன விஷயமல்ல. 1905இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் ஃபிளெட்சர் என்ற வைத்தியர் ஒரு பிரிவினருக்குத் தீட்டிய வெள்ளை அரிசியும் மற்றவர்களுக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். பெரிபெரி நோய் வெள்ளை அரிசிக்காரர்களைத்தான் பிடித்தது. நம் பாட்டன் பாட்டி தின்ற புழுங்கலரிசி அவர்களைக் காத்தது. இது பக்கத்துக் கதை. அடுப்பில் பயறு வேகட்டும்.

அதற்குள் மசாலாவைக் கவனிப்போம். பத்துப் பன்னிரண்டு காய்ந்த மிளகாயை விதை உதிர்த்து வெந்நீரில் ஊறவைத்து மையாக அரைத்துக்கொள்ளுங்கள். மிளகாய்த்தூளில் செய்யலாம், ஆனால் அரைத்த மிளகாயின் நிறமும் கெட்டியும் தூளுக்கு வராது. சட்டியில் நாலு கரண்டி எண்ணெய் விட்டு, மூன்று பெரிய வெங்காயத்தைப் பொடியாக அரிந்து, பொன்னிறம் தாண்டிப் பழுப்பாகும்வரை வதக்குங்கள். இதில் அவசரப்படக் கூடாது. இறைச்சி கொடுக்கும் ருசியில் பாதியை இந்த வெங்காயந்தான் கொடுக்கப் போகிறது. எட்டுப் பல் பூண்டு, ஒரு விரல் இஞ்சி, பிறகு அரைத்த மிளகாய். எண்ணெய் பிரிந்து மேலே வரட்டும். வறுத்துப் பொடித்த சீரகம் இரண்டு தேக்கரண்டி, மல்லித்தூள் ஒரு மேசைக்கரண்டி, துண்டுப் பட்டை. நாலு பழுத்த தக்காளியைப் போட்டுக் குழையவிடுங்கள். விரதத்தில் வெங்காயம், பூண்டு சேர்க்காதவர்கள் பெருங்காயத்தைத் தாராளமாகப் போட்டுத் தக்காளியை ஆறாக்கிக்கொள்ளுங்கள்.

கடித்து மெல்ல ஏதாவது வேண்டும் என்பார்கள் ஆண்பிள்ளைகள். அதற்கு தெம்பே இருக்கிறது. ஜாவாக்காரர்கள் சோயா பயற்றைப் புளிக்கவைத்துச் செய்கிற கட்டி. நம் ஊர்ச் சந்தைகளில் சாதாரணமாகக் கிடைக்கிறது. ஒரு கட்டியைக் கையால் உதிர்த்து, எண்ணெயில் மொறுமொறுவென்று வறுத்துக்கொள்ளுங்கள். கொத்துக்கறி மாதிரியே இருக்கும். சொல்லாவிட்டால் பிள்ளைகளுக்குத் தெரியாது.

வெந்த பீன்ஸில் ஒரு கிண்ணம் எடுத்து மசித்துவிட்டு, எல்லாவற்றையும் அவித்த தண்ணீரோடு மசாலாவில் கொட்டுங்கள். மசித்தது குழம்பைக் கெட்டியாக்கும். உப்புப் போட்டு, தெம்பேயைச் சேர்த்து, சிறுதீயில் அரை மணி கொதிக்கட்டும். தேங்காய்ப் பால் வேண்டாம். ஊற்றினால் ருசியாகத்தான் இருக்கும். ஆனால் அது வேறு குழம்பு. இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிந்து, கொத்தமல்லித் தழை தூவுங்கள்.

அந்த எலுமிச்சை அலங்காரத்திற்கு அல்ல. பயற்றில் இருக்கும் இரும்பை நம் உடம்பு எளிதில் வாங்கிக்கொள்ளாது. எலுமிச்சையிலும் கொய்யாவிலும் உள்ள 'சி' வைட்டமின் கூட இருந்தால் வாங்கிக்கொள்ளும். கெடுப்பது தேத்தண்ணீர். சோற்றோடு தேத்தண்ணீர் குடிக்கும் பழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. அதன் துவர்ப்பு இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். தேத்தண்ணீர் எங்கும் ஓடிவிடாது.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். உலர்ந்த சிவப்பு பீன்ஸ் 100 கிராமில் சுமார் 22 கிராம் புரதமும், 6 முதல் 8 மில்லிகிராம் இரும்பும் உண்டு. 400 கிராமை ஆறு பேருக்குப் பங்கிட்டால், தெம்பேயைச் சேர்க்காமலே ஆளுக்குச் சுமார் 15 கிராம் புரதம். அது இரண்டு முட்டைக்கும் மேலே. அரிசியில் குறைவாக உள்ள சத்து பயற்றில் உண்டு, பயற்றில் குறைவானது அரிசியில் உண்டு; அதனால் சோற்றோடு சாப்பிடுவதே சரி. ஆனால் சோற்றைக் குறைத்துப் பயற்றைக் கூட்டுங்கள். பயறு மெதுவாகச் செரிப்பதால் இரத்தத்தில் சர்க்கரை குபீரென்று ஏறாது. சர்க்கரை வியாதி நம்மவர்களிடையே எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? அவித்த மரவள்ளியோடும் இது பிரமாதமாகச் சேரும்.

பரிமாறும்போது ஒரு காரியம் செய்யுங்கள். சட்டியை இறக்கியதும், யாரையும் கூப்பிடுவதற்கு முன், அடியிலிருந்து நன்றாகக் கலக்கி இரண்டு கரண்டி எடுத்து ஒரு கிண்ணத்தில் ஊற்றி மூடித் தனியே வைத்துவிடுங்கள். அது சமைத்தவளின் பங்கு. இரண்டாம் முறை கேட்டு யார் தட்டை நீட்டினாலும் சட்டியிலிருந்து மட்டுமே கொடுங்கள். "அந்தக் கிண்ணத்தில் என்ன?" என்று வீட்டுக்காரர் கேட்டால், "அது எனக்கு" என்று சொல்லக் கூச்சப்பட வேண்டாம்.

சிவப்பு பீன்ஸ் கிடைக்காத ஊரில் கொண்டைக்கடலையிலோ தட்டைப்பயற்றிலோ இதே மாதிரி செய்யலாம். தட்டைப்பயறு சீக்கிரம் வெந்துவிடும். பழக்கமில்லாத வயிறென்றால் முதல் வாரம் கொஞ்சமாகத் தொடங்குங்கள். மிஞ்சியதை ஆறியவுடன் குளிர்ப்பெட்டியில் வையுங்கள்; இரவெல்லாம் அடுப்பின்மேல் விட்டுவிட்டால் நம் ஊர்ப் புழுக்கத்தில் புளித்துப்போகும். மறுநாள் காலையில் மறுபடி நன்றாகக் கொதிக்கவைத்துத் தோசைக்குள் வைத்து மடித்துக் கொடுத்தால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குப் பசியாற வேறு எதுவும் தேட வேண்டாம். காரம் ஊறியிருப்பதால் முதல் நாளைவிட ருசியும் கூட.